காலி வயிறு என்று நான் நம்பிய நாள்

மயக்க மருந்துப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன வாரம் உங்களில் மூன்று பேர் வீட்டுக்கு வந்து ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டீர்கள். "மேடம், ரத்த வாந்தி கேஸுல டியூப் போட்டீங்களே, அந்தக் கதையவே எழுதிக் குடுத்துருங்க" என்றீர்கள். சரி என்று தலையாட்டி, காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். நீங்கள் போனபிறகுதான் ஏன் ஒத்துக்கொண்டேன் என்று இருந்தது.

அந்தக் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சொல்லச் சொல்ல அதில் நான் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துகொண்டே வந்திருக்கிறேன். முதலில் சொன்னபோது கை நடுங்கியது என்றுதான் சொன்னேன். அடுத்த வருஷம் நடுக்கம் போய்விட்டது. அப்புறம், முதல் டியூபை வேண்டுமென்றே உணவுக்குழாயில் இறக்கி, ரத்தத்துக்கு வடிகால் வெட்டிவிட்டு, இரண்டாவது டியூபை மூச்சுக்குழாயில் போட்டேன் என்று ஒரு சாமர்த்தியமும் சேர்ந்துகொண்டது. என் பிரிவு உபசார விழாவில் சொன்னபோது ஏறக்குறைய கண்ணை மூடிக்கொண்டே போட்டுவிட்டேன். நீங்களும் கைதட்டினீர்கள்.

வாயால் சொல்வது காற்றோடு போய்விடும். எழுதினால் நிற்குமே! அதனால் இந்த ஒரு தடவை நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். கைதட்ட ஒன்றும் இருக்காது, முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

அந்தக் காலத்தில் எனக்கு ஆஸ்பத்திரியில் ஒரு பெயர் உண்டு. பட்டினி டாக்டரம்மா. நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் வார்டுப் பக்கம் நான் நடந்து போனால் ஃப்ளாஸ்க்குகள் கட்டிலுக்கு அடியில் போகும். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிறு காலியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விடும் என்பது உங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கும். எனக்கு அது பாடமாக இல்லை, மதமாக இருந்தது. நம்ம ஊர்க்காரர்கள் காபியை ஒரு ஆகாரமாக மதிப்பதே இல்லை. "ஒண்ணும் சாப்பிடல டாக்டரம்மா" என்பார்கள், மீசையில் நுரை இருக்கும். நான் குனிந்து மோப்பம் பிடிப்பேன். பில்டர் காபி என்றால் ஆறு மணி நேரம் தள்ளிப் போடு. கீழ்வேளூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரைக் குடலிறக்க ஆபரேஷனுக்கு இரண்டு தடவை திருப்பி அனுப்பினேன். இரண்டு தடவையும் விடிகாலையில் நீராகாரம் குடித்துவிட்டு வந்திருந்தார். "அது தண்ணிதானேம்மா, வயல்ல நடவு கெடக்கு, ஆள வச்சுட்டு வந்திருக்கேன்" என்று கெஞ்சினார். நான் அசையவில்லை. மூன்றாவது தடவை முதல் நாள் மத்தியானத்திலிருந்தே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், சாட்சிக்கு மச்சினன்மார் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. என்னை ஏமாற்ற முடியாது பாருங்கள்!

இப்படி ஒரு மகாராணியிடம்தான் அந்த ரம்ஜான் மாதத்தில் கமால் பாய் வந்து சேர்ந்தார்.

மயிலாடுதுறைப் பக்கத்து ஊரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அறுபது வயதுக்குக் கிட்ட இருக்கும். முட்டி வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை நோன்பு வைப்பதற்கு முன்னால் சஹர் சாப்பாட்டோடு தினமும் போட்டிருக்கிறார். இரண்டு நாளாக மலம் கறுப்பாகப் போயிருக்கிறது, வீட்டில் சொல்லவில்லை. அன்று காலை கடையில் துணி கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது ரத்தமாக வாந்தி எடுத்துவிட்டார். மயிலாடுதுறை ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றி, ஆம்புலன்ஸில் தஞ்சாவூருக்கு அனுப்பி வைத்தார்கள். எங்களிடம் வந்தபோது பிற்பகல் மூன்றரை மணி. வயிற்றுப் புண்ணிலிருந்து ரத்தம் கசிகிறது, எண்டோஸ்கோப் குழாயை உள்ளே விட்டு, இடத்தைக் கண்டுபிடித்து, கிளிப் போட்டு அடைக்க வேண்டும் என்று முடிவானது. மயக்கத்துக்கு நான்.

நான் எண்டோஸ்கோப்பி அறைக்குள் போனபோது ஆள் தெளிவாகப் பேசினார். நாடி வேகமாக ஓடியது, ஆனால் ரத்த அழுத்தம் பரவாயில்லை. என் வழக்கமான விசாரணையை ஆரம்பித்தேன்.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க பாய்?"

"நோன்பும்மா. விடிகாலைல நாலரைக்குச் சாப்பிட்டது. அதுக்கப்புறம் பச்சத் தண்ணி இறங்கல."

"வாந்தி எடுத்தப்ப வாய் கொப்பளிச்சிருப்பீங்களே?"

"கொப்பளிச்சுத் துப்பிட்டேன். ஒரு சொட்டு உள்ள விடல. அங்க ஒரு நர்ஸம்மா மாத்திர முழுங்கச் சொன்னாங்க, நான் முழுங்கலையே. ஒடம்பு முடியலன்னா நோன்ப விட்டுரலாம், பொறவு புடிச்சுக்கலாம்னு எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்தே போன்ல சொன்னாரு. இன்னும் மூணு மணி நேரம்தானேம்மா? பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துருவேன்."

பிள்ளைகளே, என் சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எத்தனை வருஷமாகக் காபி வாசனையை மோப்பம் பிடித்து அலைந்தவள் நான். இதோ, பதினோரு மணி நேரம் எச்சில் விழுங்கக்கூட யோசிக்கிற ஒரு மனிதர். பொய் சொல்லவே தெரியாதவர். இப்படி ஒரு காலி வயிறு என் சர்வீஸிலேயே வந்ததில்லை என்று மனதுக்குள் தீர்மானித்துவிட்டேன். அந்த வயிற்றுக்குள்தான் காலையிலிருந்து ரத்தம் ஊற்றிக்கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். தெரியும், ஆனால் உறைக்கவில்லை.

ஸ்கோப் போடும் டாக்டர் என்னைவிட ரொம்பச் சின்னவர். தயங்கித்தான் கேட்டார்.

"மேடம், மொதல்லயே டியூப் போட்டுட்டு ஆரம்பிக்கலாமா?"

முதலிலேயே மூச்சுக்குழாயில் டியூப் போட்டுவிட்டால் மேலே என்ன ஏறி வந்தாலும் நுரையீரலுக்குள் போகாது. ஆனால் அதற்கு ஆளை முழு மயக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும், ஐ.சி.யூ.வில் படுக்கை கேட்க வேண்டும், இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். காலையிலிருந்து ஆறு கேஸ் முடித்திருந்தேன். இடுப்பு வலி வேறு. இதையெல்லாம் வெளியில் சொல்வேனா? "ஃபாஸ்டிங்ல இருக்கறவரு டாக்டர், லேசா தூங்க வச்சாப் போதும்" என்றேன். கமால் பாயிடம் திரும்பி, "நோன்பு தெறக்கிற நேரத்துக்கு எழுந்து உக்காந்துருவீங்க பாய்" என்று வாக்குறுதியும் கொடுத்தேன். புண்ணில் கிளிப் போட்ட வயிற்றுக்குள் அன்றைக்கு ஒரு பேரீச்சம்பழம்கூடப் போகக்கூடாது. அதுகூட அப்போது என் புத்தியில் இல்லை.

அந்த அறையில் ஒரு சிஸ்டர் இருந்தார். பெயரை எழுதினால் என்னோடு சண்டைக்கு வருவார், அதனால் எழுதவில்லை. அதிகம் பேச மாட்டார். நான் பாயோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் கட்டிலுக்கு இந்தப் பக்கம் வாயில் தேங்குவதை உறிஞ்சும் சக்ஷன் மெஷின் ஒன்று, அந்தப் பக்கம் இன்னொன்று என்று இரண்டை இழுத்துப் போட்டு, இரண்டையும் ஓடவிட்டு விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டில் டியூப் ஒன்றுக்கு இரண்டாக எடுத்து வைத்திருந்தார்.

"என்ன சிஸ்டர், ரெண்டு மோட்டார்? குறுவை வயலுக்குத் தண்ணி எறைக்கப் போறீங்களா?" என்றேன்.

ஸ்கோப் டாக்டர் சிரித்தார். கமால் பாய்கூடச் சிரித்தார். சிஸ்டர் மட்டும், "ரத்த வாந்தி கேஸுக்கு நான் எப்பவும் வச்சுருவேன் மேடம்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

மருந்தைக் கொஞ்சமாகத்தான் ஏற்றினேன். பாய் கண் அசந்தார். ஸ்கோப் உள்ளே போனது. திரையில் வயிற்றின் சுவரே தெரியவில்லை. கறுப்பும் சிவப்புமாகக் கட்டி கட்டியாக ரத்தம்.

"மேடம், வயிறு ஃபுல்லா ரத்தம். ஒண்ணுமே தெரியல" என்றார் டாக்டர்.

என் மண்டைக்குள் அப்போது ஓடியதை வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். 'அதெப்படி, அவர் நோன்பாச்சே?'

அவ்வளவுதான். கமால் பாய்க்கு ஒரு குமட்டல் வந்தது. அடுத்த நொடியில் வாய், மூக்கு எல்லாம் ரத்தம். ஸ்கோப்பை உருவிவிட்டார்கள். நான் சக்ஷன் குழாயை வாயில் வைத்தேன். ஒரு தடவை இழுத்தது, பிறகு ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டு சும்மா நின்றுவிட்டது. ஆக்ஸிஜன் இறங்க இறங்க மானிட்டரின் சத்தமும் கட்டையாகிக்கொண்டே போகும், கேட்டிருப்பீர்கள். அதைக் கேட்கும்போது திரையைப் பார்க்கவே வேண்டியதில்லை, காலிலிருந்து ஜில்லென்று ஏறும். நான் அடைத்துப்போன குழாயைக் கையில் பிடித்து உதறிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு அது ஒரு யுகம். ஒரு மனிதர் என் கண்முன்னால் தன் ரத்தத்திலேயே மூழ்கிக்கொண்டிருக்கிறார், நான் ஒரு பிளாஸ்டிக் குழாயைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

"மேடம், தலமாட்டக் கீழ எறக்கிட்டேன். இந்தாங்க, அடுத்த மோட்டார்."

சிஸ்டர் குரல்தான். கட்டிலின் தலைப்பக்கம் ஏற்கெனவே தாழ்ந்திருந்தது. இரண்டாவது சக்ஷனில் நுனிக் குழாயையே கழற்றிவிட்டு, அகலமான ரப்பர் குழாயை அப்படியே நீட்டினார். கட்டியெல்லாம் அதில் சரசரவென்று இறங்கியது. முழு மயக்கத்துக்கான மருந்தைக் கொடுத்துவிட்டு தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பை எடுத்து அவர் வாயைத் திறந்தேன். சிவப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஒரு குத்துமதிப்பில் டியூபை இறக்கினேன். அது போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை, உணவுக்குழாயில் போய் உட்கார்ந்துகொண்டது. டியூப் வழியாகவே ரத்தம் பீறிட்டு என் கையிலும் கண்ணாடியிலும் அடித்தது. ஐயோ என்று அதைப் பிடுங்கப் போனேன்.

"எடுக்காதீங்க மேடம். அது அங்கேயே கெடக்கட்டும், ரத்தம் அது வழியா வெளிய போவட்டும். இதப் புடிங்க" என்று இரண்டாவது டியூபைக் கையில் திணித்தார்.

பிள்ளைகளே, நான் வடிகால் வெட்டிய சாமர்த்தியம் இதுதான். வெட்டியது என் தப்பு, காப்பாற்றியது சிஸ்டரின் வாய். ரத்தம் அந்த டியூப் வழியாகப் போகப் போக, மூச்சுக்குழாய் வாசலில் குரல்நாண் ஒரு கீற்றாகத் தெரிந்தது. இரண்டாவது டியூபை அதன் நடுவே விட்டேன். கட்டையாகிப்போயிருந்த மானிட்டர் சத்தம் மெல்ல மெல்ல மேலே ஏறியது. அந்தச் சின்ன டாக்டர் அதற்குப்பிறகு நிதானமாக ஸ்கோப் போட்டு, புண்ணைக் கண்டுபிடித்து, மூன்று கிளிப் போட்டு ரத்தத்தை நிறுத்தினார். ஆனால் அதற்குள் இரண்டு நுரையீரலிலும் ரத்தம் இறங்கியிருந்தது. கமால் பாயை வென்டிலேட்டரோடு ஐ.சி.யூ.வுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். பிழைப்பார் என்று அன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை.

வழக்கமாக நான் கதையை முடிப்பது இங்கேதான். நீங்கள் கைதட்டுவதும் இங்கேதான். இதற்கு அப்புறம் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வெளியே வராந்தாவில் பாயின் மனைவி நின்றிருந்தார். கையில் ஒரு பை, அதில் நோன்புக் கஞ்சித் தூக்குவாளியும் பேரீச்சம்பழப் பொட்டலமும். மாலைக்குள் எழுந்து உட்காருவார் என்று நான் சொன்னதை யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள், அந்தம்மா ஆள்விட்டு வாங்கி வைத்திருக்கிறார். நான் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டுதான் வெளியே போனேன். 'எதிர்பாராத விதமாக' என்று தொடங்குகிற வாக்கியம். உங்களுக்கும் ஒரு நாள் அது தானாக வாயில் வரும், பாருங்கள். நான் அதைச் சொல்வதற்குள் அந்தம்மா அழ ஆரம்பித்துவிட்டார்.

"நோன்போட இருந்ததாலயா டாக்டரம்மா இப்புடி ஆயிப்போச்சு? வயித்த காயப்போட்டதாலயா? காலைலயே மொகம் வெளுத்துத்தான் கெடந்துச்சு. இன்னைக்கு நோன்பு வேணாம்னு நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். பாவி, சொல்லாமப் போயிட்டேனே!"

எனக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. கேள்வி என் பக்கம் வரவில்லையே என்கிற நிம்மதி. அந்தம்மா தானாகவே பழியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். 'இல்லைம்மா, டியூப் போட்டுவிட்டு ஆரம்பித்திருக்க வேண்டும், நான்தான் போடவில்லை' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொன்னது, "பாப்போம்மா. தைரியமா இருங்க." சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். முதுகுக்குப் பின்னால் பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. அந்தத் தூக்கை அவர் திறந்தாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் டியூட்டி அறையில் சிஸ்டர் டீயைக் கொண்டுவந்து வைத்தார். போகாமல் நின்றார்.

"அந்தம்மா நேத்துலேருந்து ஒண்ணும் சாப்பிடல மேடம். வர்றவங்க போறவங்ககிட்டல்லாம், நான் தடுத்திருந்தா இப்புடி ஆயிருக்காதுன்னு சொல்லி அழுதுக்கிட்டே இருக்காங்க. நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

இடித்துக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். அந்த டீயை நான் குடிக்கவில்லை. காபிக்காக ஊரையே பட்டினி போட்டவள், அன்றைக்கு வயிறு காலியாகவே ஐ.சி.யூ. வாசலுக்குப் போனேன். அந்தம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன்.

"நோன்பால ஒண்ணும் ஆகலம்மா. மாத்திரையால புண்ணு வந்துச்சு. வயித்துல ரத்தம் நெறைய இருக்கும்னு நான் யோசிச்சிருக்கணும். மொதல்லயே மூச்சுக்கு டியூப் போட்டிருந்தா ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்காது. போடாதது நான். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

திட்டுவார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "இத நேத்தே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

நான்காம் நாள் கமால் பாய்க்கு டியூபை எடுத்தோம். எடுக்கும்போது நானே நின்றேன். தொண்டை கட்டிப்போய், காற்றாகத்தான் குரல் வந்தது. முதல் கேள்வியே, "அன்னைக்கு நோன்பு போயிருச்சாம்மா?" எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். நோன்பு என்றதும் வயிறு காலி என்று நினைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்த மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க முடியாமல் இருமினார்.

"நோன்பு வாய்க்குத்தானேம்மா? உள்ள போறதத்தான் நான் காவல் காத்தேன். உள்ள இருக்கறத நீங்கள்ல பாக்கணும்?"

இத்தனை வருஷப் படிப்பில் எனக்கு யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தரவில்லை. ரத்தம் கசியும் வயிறு எத்தனை நாள் பட்டினி கிடந்தாலும் நிறைந்த வயிறுதான். அதைக் காபி வாசனையில் கண்டுபிடிக்க முடியாது. அன்றிலிருந்து ரத்த வாந்தி என்று யார் வந்தாலும் எப்போது சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்பது அதை நம்புவதற்கு இல்லை. முதலில் டியூப், அதற்கும் முன்னால் இரண்டு மோட்டார். சிஸ்டர் எடுத்து வைப்பதற்குள் நானே இழுத்துப் போட்டுவிடுவேன். "என்ன மேடம், குறுவைக்கா?" என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கமால் பாய் வீட்டுக்குப் போன அன்று, கைலி மடிப்பு கலையாமல் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எல்லோருக்கும் ஸலாம் சொன்னார். பெருநாளைக்கு வீட்டுக்கு வர வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். அந்தம்மா பையைக் கட்டிக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை. லிஃப்ட் வாசல் வரைக்கும் போனவர், பாயை நிறுத்திவிட்டு என்னிடம் தனியாகத் திரும்பி வந்தார்.

"அவங்க ஒங்கள மன்னிச்சிட்டாங்க டாக்டரம்மா. பொழச்சு வந்ததே போதும்னு நானும் விட்டுட்டேன். ஆனா அந்த ஒரு ராத்திரி, நானே அவங்களக் கொன்னுட்டேன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். இனி யாராச்சும் இப்புடி வெளிய நின்னா, அன்னைக்கே சொல்லிருங்க."

சொல்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு தப்பு நடந்த நாட்களும் உண்டு. ஒவ்வொரு தடவையும் அன்றைக்கே, அந்த வராந்தாவிலேயே, உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறேன். ஒருவர் என் மேல் தண்ணீர் பாட்டிலை வீசியிருக்கிறார், அப்போதும் சொல்லியிருக்கிறேன். உங்களைப் போலப் படிக்க வந்த பிள்ளைகளிடம் மட்டும்தான், கைதட்டலுக்கு ஆசைப்பட்டு, அந்தம்மாவைக் கதையிலிருந்து எடுத்துவிட்டு இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.